பட்டியலைத் தாண்டி வாசிப்பவர்கள்

நியூ ஜேர்சிக்கு வந்த காலந்தொட்டு யூலை 4 ஆம் திகதி ஒன்றுகூடலுக்கு நாம் தவறாமல் போய்வருகிறோம். பூங்கா ஒன்றில் கொட்டகையை முன்கூட்டியே பதிவுசெய்து, காலையில் கிரிக்கெட், மத்தியானம் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும், பின்னேரம் தேத்தண்ணியும் றோல்சும், இருட்டினபின் வாணவேடிக்கை. சில ஆண்டுகளாக இந்த ஒழுங்கில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. எம்மில் மூத்தவர் ஒருவர் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தமிழில் வாசிப்பார். மொழிபெயர்ப்பும் அவருடையதே. நல்ல தமிழ், நல்ல குரல்.

கடந்த முறை முதலாம் பந்திக்கும் இரண்டாம் பந்திக்கும் கைதட்டல் விழுந்தது. மனிதர் யாவரும் சமம் என்ற இடத்தில் சிலர் எழுந்தும் நின்றார்கள். அதற்குப் பிறகு பிரித்தானிய மன்னன் மீதான குற்றச்சாட்டுகள் தொடங்க, பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "அண்ணை, உந்த லிஸ்ற்றை விட்டிட்டுக் கடைசிக்குப் போங்கோ. றோல்ஸ் ஆறுது." எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அவரும் சிரித்தபடி தாள்களைப் புரட்டிக் கடைசிப் பந்தியை வாசித்து முடித்தார். அடுத்துப் பேசியவர் 1776 ஐயும் 1976 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிலடெல்பியாப் பிரகடனத்துக்குச் சரியாக 200 ஆண்டுகள் கழித்து வட்டுக்கோட்டைத் தீர்மானம். 2026 இல் ஒன்றுக்கு 250, மற்றதுக்கு 50. இது தற்செயல் இல்லை, வரலாற்றின் கட்டளை என்றார். மறுபடியும் கைதட்டல்.

எமது ஆட்சேபம் இங்கேதான் தொடங்குகிறது. ஒப்பிடுவது தவறென்று நாம் சொல்லவரவில்லை. ஒப்பிடுவதானால் முழுவதையும் வாசித்துவிட்டு ஒப்பிடுங்கள் என்கிறோம்.

பிரகடனம் எப்படிப்பட்ட எழுத்து என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கச் சிரமப்படத் தேவையில்லை. வேலி எல்லைக்கும் கிணற்றுப் பங்குக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய சனம் நாம். பிரக்கிராசியார் எழுதிய வழக்குரையை ஒருமுறை பார்த்தவருக்கும் இதன் அமைப்பு விளங்கிவிடும். ஏன் இதை எழுதுகிறோம் என்று முதலில் ஒரு முகவுரை. எந்த நியாயத்தின் பேரில் இந்த வழக்கு என்பது அடுத்தது: மனிதர் சமமானவர்கள், ஆளப்படுவோரின் சம்மதத்தால்தான் அரசு நிற்கிறது, அது அழிவு வேலை செய்தால் மாற்றிவிடும் உரிமை சனத்துக்கு உண்டு. பிறகு வழக்கின் உடம்பு: மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் செய்தவை, 27 முறைப்பாடுகள். சட்டங்களுக்கு இசைவு தர மறுத்தான், சட்டசபைகளைக் கலைத்தான், நீதிபதிகளைத் தன் சம்பளத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக்கினான், சமாதான காலத்தில் படைகளைக் கொண்டுவந்து நிறுத்தினான் - இப்படி 'அவன்', 'அவன்' என்று அடுக்கிக்கொண்டு போகிறது. முறையிட்டும் கேட்கவில்லை, கடலுக்கு அப்பாலிருந்த உறவினரும் செவிடாயினர் என்பது அதற்கடுத்த பந்தி. கடைசியில் வழக்காளியே நீதவானாகி எழுதிய தீர்ப்பு.

றோல்சுக்காக நாம் தாண்டியது ஏறத்தாழப் பாதி ஆவணத்தை. மிச்சப் பாதி எதற்காக எழுதப்பட்டதோ அந்தப் பாதியை.

பிரிவது என்ற முடிவு யூலை 4 இல் எடுக்கப்பட்டதல்ல. அது யூலை 2 இலேயே வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. நியூயோர்க் மட்டும் அன்று வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. இனிவரும் சந்ததிகள் யூலை 2 ஐத்தான் கொண்டாடும் என்று ஜோன் அடம்ஸ் தன் மனைவிக்குக் கடிதமே எழுதினார். யூலை 4 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது அந்த முடிவுக்கான விளக்கம். யாருக்கு விளக்கம்? மன்னனுக்கல்ல, அவனோடு கதைத்து முடிந்தாயிற்று. விளக்கம் உலகத்துக்கு. அதிலும் குறிப்பாகப் பிரான்சுக்கு. வெடிமருந்தும் கடனும் கப்பலும் வேண்டியிருந்தன. இன்னொரு மன்னனின் கலகக்காரக் குடிகளோடு வெளிப்படையாக உடன்படிக்கை செய்ய எந்த அரசும் யோசிக்கும்; ஒரு நாட்டோடு செய்யலாம். 1778 பெப்ரவரி 6 இல் பிரான்ஸ் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. ஆகவே அந்தப் பட்டியல் சாட்சியக் கோவை. 1776 யூலை 8 அன்று பிலடெல்பியாவில் மக்கள் முன் அது வாசிக்கப்பட்டபோது எமது மாநிலத்தின் திரென்ரனிலும் வாசிக்கப்பட்டது. அங்கு நின்று கேட்டவர்களுக்குச் சமத்துவம் பற்றிய வரிகள் முகவுரை. செய்தி, பட்டியல்தான்.

பட்டியலை வாசித்தால் அதில் இல்லாதது எது என்ற கேள்வியும் வந்துவிடும். அதனால்தான் தாண்டுவது வசதியாயிருக்கிறது போலும். தோமஸ் ஜெபர்சன் எழுதிய வரைவில் அடிமை வியாபாரத்துக்காக மன்னனைக் கடுமையாகச் சாடும் நீண்ட முறைப்பாடு ஒன்று இருந்தது. எழுதியவரே தன் வாழ்நாளில் 600 க்கு மேற்பட்ட மனிதரை உடைமையாக வைத்திருந்தவர் என்பது வேறு கதை. காங்கிரஸ் அதை வெட்டியது. தென் கரோலினாவும் ஜோர்ஜியாவும் விரும்பவில்லை, அடிமைகளைக் கப்பலேற்றிக் காசு பார்த்த வடக்கத்தையருக்கும் அது உறுத்தியது என்று ஜெபர்சன் பின்னர் குறித்துவைத்தார். வெட்டியது அதோடு நிற்க, கடைசி முறைப்பாடு வெட்டப்படாமல் இன்றும் இருக்கிறது: மன்னன் எங்கள் எல்லைகளில் இரக்கமற்ற இந்தியக் காட்டுமிராண்டிகளை ஏவிவிட்டான் என்று. சமத்துவம் பேசிய அதே தாளில், அந்த மண்ணின் சொந்தக்காரருக்கு வைத்த பெயர் இது. நாம் கொட்டகை போட்டு றோல்ஸ் சாப்பிட்ட நிலம் லெனாப்பே மக்களுடையது. இந்த மாநிலத்தில் 1758 இல் அவர்களுக்கென ஒதுக்கிய பிரதேரன் குடியிருப்பும் 1802 அளவில் வெறுமையாயிற்று.

நியூ ஜேர்சிக்காரர் ஐவர் அந்தத் தாளில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். அவர்களில் பிரின்ஸ்ரன் கல்லூரித் தலைவரான ஜோன் விதர்ஸ்பூன் பாதிரியாரும் அடிமை வைத்திருந்தவர். இந்த மாநிலம் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை 1804 இல்தான் கொண்டுவந்தது. படிகளோ மிக நீளம். 1865 இல் நாடு முழுவதற்குமான 13 ஆவது திருத்தத்தை முதலில் நிராகரித்துவிட்டு, அது சட்டமான பிறகு 1866 இல்தான் ஒப்புக்கொண்டது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1776 யூலை 2 இல் இயற்றிய மாநில யாப்பு 50 பவுண் சொத்துள்ள வசிப்பாளர் எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்தது. வசிப்பாளர் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பெண்களும் கறுப்பினத்தவரும் வாக்களித்தார்கள். 1807 இல் அது வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று சுருங்கிற்று. 'நாம்' என்ற சொல் பிரகடனத்தன்று அகலமாயும் பிறகு ஒடுக்கமாயும் ஆவதை இங்கேயே, எமது வீட்டு வாசலிலேயே பார்க்கலாம்.

எமது வாசகர் வட்டத்தில் இருந்து வேலை தேடி ரெக்சாசுக்கும் பே ஏரியாவுக்கும் போன நண்பர்கள் உண்டு. போன இடத்திலும் பிரகடனம் இருக்கிறது என்று எழுதினார்கள். ஹூஸ்ரனில் இருந்து காரில் போகும் தூரத்தில், பிராசோஸ் ஆற்றங்கரையில், 1836 மார்ச் 2 இல் மெக்சிக்கோவில் இருந்து ரெக்சாஸ் பிரிவதாகப் பிரகடனம் செய்தார்கள். அதே அச்சு: நியாயம், பட்டியல், தீர்ப்பு. மெக்சிக்கோ 1829 இல் அடிமை முறையை ஒழிக்கும் ஆணை பிறப்பித்தது இந்தக் குடியேறிகளுக்கு எவ்வளவு பெரிய தலையிடி என்பது உலகறிந்தது. பட்டியலில் அதைப்பற்றி ஒரு சொல் கிடையாது. அதே மார்ச் மாதம் எழுதிய யாப்பில்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. அடிமைகளை விடுவிக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை. ஆபிரிக்கரும் அவர் வழிவந்தோரும் இந்தியரும் குடிமக்கள் அல்லர். ரெக்சாசுக்காகச் சான் ஜசிந்தோவில் போரிட்ட மெக்சிக்க வழியினர் ஹுவான் செகின். சான் அன்ரோனியோவின் மேயராகவும் இருந்தவர். 1842 இல் துரோகி என்ற பெயரோடு மெக்சிக்கோவுக்கு ஓடவேண்டி வந்தது. கூட நின்று போராடியவன் துரோகியாவதற்கு ஆறு ஆண்டுகள் போதுமாயிருந்தன. எம்மவர்கள் இதைவிட வேகமானவர்கள் என்று ஒரு நண்பர் அடிக்குறிப்பு எழுதியிருந்தார்.

பே ஏரியாக் கதை கொஞ்சம் வேடிக்கை. 1846 யூன் 14 இல் சொனோமாவில் முப்பது பேரளவில் சேர்ந்து, அமெரிக்காவோடு இணைவதை விரும்பிய வயேஹோ என்ற கனவானையே கைதுசெய்துகொண்டு, கரடிக்கொடி ஏற்றிக் குடியரசு அறிவித்தார்கள். அதற்கும் முறைப்பாடுகளோடு ஒரு பிரகடனம் உண்டு. 25 நாளில் அமெரிக்கக் கொடி ஏறியது, குடியரசு முடிந்தது. கரடி மட்டும் மாநிலக் கொடியில் இன்றும் நிற்கிறது.

சரி, வட்டுக்கோட்டைக்கு வருவோம். (1823 இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் நிறுவியதைச் சொல்லி, பிலடெல்பியாவுக்கு அன்றே பாதை போட்டாயிற்று என்பவர்களும் எம்மிடையே உண்டு. அவர்களை விட்டுவிடுகிறோம்.)

இலங்கைக்குச் சுதந்திரம் வந்தபோது பட்டியலும் இல்லை, பிரகடனமும் இல்லை. பிரித்தானியப் பாராளுமன்றம் 1947 இல் ஒரு சட்டம் போட்டது; 1948 பெப்ரவரி 4 இல் கொடி ஏறியது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1956 இல் தனிச் சிங்களம், அரச ஆதரவில் குடியேற்றங்கள், 1972 யாப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29 ஆவது பிரிவின் மறைவு. 1976 மே 14 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில், செல்வநாயகம் தலைமையில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாடு இவற்றை வரிசைப்படுத்திற்று. சட்டம் படித்தவர்களின் எழுத்து. பட்டியலில் பொய் இல்லை. அதற்குப் பிறகு 1977, 1981, 1983, 2009 என்று நாம் சேர்க்கவேண்டி வந்தவை அந்தப் பட்டியலைச் சிறிதாக்கிவிட்டன. இதை ஒருவரும் எமக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. நாம் ஏன் இங்கிருக்கிறோம் என்பதும் அதுதான்.

ஆனால் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதைத் தீர்மானம் எப்படிச் சொல்கிறது என்று கவனித்தவர்கள் எத்தனை பேர்? அவர்களின் உரிமை போயிற்று, அதனால் பாராளுமன்றத்தில் தமிழரின் பிரதிநிதித்துவம் குறைந்தது என்கிறது. கொழுந்து பறித்தவளின் நாடு போனது, எமது ஆசனக் கணக்கில் ஒரு கழித்தலாகவும் பதிவாகிறது. 1948 இல் அந்தச் சட்டம் வந்த கையோடு தமிழ்க் காங்கிரஸ் தலைவர் மந்திரியானது பட்டியலில் இல்லை. கோரப்பட்ட தமிழீழம் வடக்கும் கிழக்கும். மலைநாடு அதற்கு வெளியே. அங்குள்ளவர்களுக்குக் குடியுரிமை உறுதி தரப்பட்டது உண்மை; அதைப் பெற எங்கே வந்து குடியிருப்பது என்பதை அவர்கள் யோசிக்கவேண்டியிருந்தது. கூட்டணியின் கூட்டுத் தலைவர்களில் ஒருவரான தொண்டமானின் காங்கிரஸ், தனிநாட்டுக்குத் தன்னைக் கட்டுப்படுத்த முடியாதென்று சொன்னதும் அதே தீர்மானத்தில் பதிவாகியிருக்கிறது. அதை மறைக்காமல் எழுதியதற்காக அன்றைய தலைவர்களுக்கு நாம் மரியாதை செலுத்துகிறோம். பின்னர் எமது ஆவணங்களில் மாற்றுக்கருத்து ஒன்று பதிவாவது அருமையாகிவிட்டது.

இந்தத் தீர்மானத்தில் அமெரிக்கப் பிரகடனத்தில் இல்லாத ஒரு பகுதி உண்டு. வரப்போகும் அரசு எப்படியிருக்கும் என்ற வாக்குறுதிகள். எந்த மதத்தவரையும் பிரதேசத்தவரையும் இன்னொரு பகுதியினர் ஆளாதபடி அதிகாரம் பரவலாகும். சாதி ஒழிக்கப்படும்; பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வு சட்டத்தால் தடுக்கப்படும். அரசு மதச்சார்பற்றது. தமிழீழத்தில் வாழும் சிங்களவருக்கும் மொழியுரிமை உண்டு. சுரண்டல் இராது. வாசித்துப் பாருங்கள், 1776 இல் காங்கிரஸ் வெட்டியெறிந்ததை 1976 இல் எமது ஆட்கள் உள்ளே எழுதிவைத்தார்கள். பெருமைப்படுவதானால் 200 ஆண்டுக் கணக்கைவிட இதற்காகப் பெருமைப்பட்டிருக்கலாம். மேடையில் இதை ஒருவர் சொல்லி நாம் கேட்டதில்லை. 1977 தேர்தலில் கூட்டணி மேடையில் அஷ்ரப் ஏறிப் பேசினார். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள்; ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அத்தனைபேரும் விரட்டப்பட்டார்கள், யாழ்ப்பாண நகரில் சில மணிநேர அவகாசத்தில். ஒருவரை ஒருவர் ஆளாத தமிழீழம் என்ற அந்த வாக்குறுதியை அன்று யார் ஞாபகப்படுத்தினார்கள்?

இரு ஆவணங்களின் கடைசி வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிலடெல்பியாவில் ஒப்பமிட்டவர்கள் தமது உயிரையும் சொத்தையும் மானத்தையும் ஒருவருக்கொருவர் பணயம் வைத்தார்கள். தமது உயிரை. பிரின்ஸ்ரன்காரரான றிச்சர்ட் ஸ்ரொக்ரன் அந்த ஆண்டு முடியுமுன்னரே பிடிபட்டுச் சிறையிருந்தார். வட்டுக்கோட்டைத் தீர்மானமோ தமிழ்த் தேசத்தை, சிறப்பாக இளைஞர்களை, புனிதப் போராட்டத்தில் முழுமையாகக் குதிக்கும்படி அழைக்கிறது. மேடையில் இருந்தவர்கள் கோழைகள் என்று நாம் சொல்லவில்லை. 1985 இல் தர்மலிங்கமும் ஆலாலசுந்தரமும், 1989 யூலை 13 இல் அமிர்தலிங்கமும் உயிரைக் கொடுத்தார்கள். எடுத்தவர்கள், அழைப்பைக் கேட்டுவந்த இளைஞர்களில் சிலரே. ஆயினும் வாக்கியத்தின் அமைப்பு அமைப்புத்தான். ஒப்பமிடுகிறவன் தன்னைக் கொடுக்கும் வாக்கியம் ஒன்று. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும் வாக்கியம் இன்னொன்று. புகலிடத்தில் இருந்து காசு கொடுத்த நாம் இரண்டாவது வாக்கியத்தின் பிள்ளைகள். எமது பிள்ளைகள் ரட்கேர்ஸில் படித்தார்கள்.

2009 மே மாதம் நோர்வேயிலும், அந்த ஆண்டு டிசம்பரில் கனடாவிலும், 2010 ஜனவரியில் பிரித்தானியாவிலும் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பெயரால் வாக்கெடுப்பு நடந்தது. போருக்குப் பிறகு அழிந்துபோகாமல் இருக்கச் சனம் வரிசையில் நின்றது. அந்த வரிசையை நாம் ஏளனம் செய்யோம். ஆனால் கேட்கப்பட்டது தனியரசு வேண்டுமா வேண்டாமா என்பது. சாதி பற்றி, முஸ்லிம்கள் பற்றி, மலையகம் பற்றி என்ன சொல்கிறாய் என்று எவரும் கேட்கவில்லை. 2010 மே மாதம் நாடு கடந்த தமிழீழ அரசாங்கத்தின் முதல் அமர்வு டெலவெயர் ஆற்றுக்கு அப்பால் பிலடெல்பியாவிலேயே கூடிற்று. இடத்தேர்வின் பொருள் எல்லாருக்கும் விளங்கியது. 1776 இல் அந்த நகரில் ஆவணத்தின் அடியில் நாடு இருந்தது, படை இருந்தது, வரி கொடுக்கும் சனம் இருந்தது. எம்மிடம் ஆவணம் மட்டும் இருக்கிறது. ஆவணம் மட்டும் இருப்பவர்கள் அதையாவது முழுதாக வாசிக்கவேண்டாமா?

பட்டியலை எழுதியவனைவிடப் பட்டியலைத் திருப்பிப் பிடித்தவர்கள்தான் அந்தப் பிரகடனத்தை உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது எமது எண்ணம். 1848 இல் செனெக்கா பால்சில் கூடிய பெண்கள் அதே அச்சை எடுத்து, மன்னன் இருந்த 'அவன்' என்ற இடத்தில் ஆண் என்பவனை வைத்தார்கள். வாக்குரிமை தரவில்லை, சொத்தைப் பறித்தான், கல்லூரிக் கதவை மூடினான். 1852 யூலை 5 இல் ரொச்செஸ்ரரில் பிரெடெரிக் டக்ளஸ், இந்த யூலை 4 அடிமைக்கு என்ன என்று முகத்துக்கு நேரே கேட்டார். 1945 செப்ரெம்பர் 2 இல் ஹோ சி மின் அமெரிக்கரின் சமத்துவ வரியை முதலில் சொல்லிவிட்டு, பிரெஞ்சுக்காரர் செய்தவற்றின் பட்டியலுக்கு இறங்கினார். ஒருவரும் பட்டியலைத் தாண்டவில்லை.

புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்த பெண் ஒருத்தி 'அவன்' என்று தொடங்கினால் அந்த அவன் யார்? 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர் தொடங்கினால்? பதின்ம வயதில் பிடித்துக்கொண்டுபோன மகனைத் தேடும் தாய் தொடங்கினால், அவளுக்கு இரண்டு பட்டியல் வேண்டுமல்லவா - ஒன்று கொழும்புக்கு, ஒன்று எமக்கு? இதைச் சொன்னால் எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறோம் என்பார்கள். முப்பது வருடமாகக் கேட்ட பேச்சு. எதிரியிடம் ஆயுதம் குறைவாயிருந்து நாம் தோற்றோமா?

வருகிற யூலை 4 க்கும் கொட்டகை பதிவாகிவிட்டது. மூத்தவரிடம் கதைத்தோம். 27 முறைப்பாடுகளையும் வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். கடைசி முறைப்பாட்டில் இந்தியருக்கு வைத்த பெயரைத் தமிழில் மெதுமையாக்காமல் விடவேண்டும் என்பதில்தான் இன்னும் இழுபறி. அதற்குப் பின் வட்டுக்கோட்டையின் பட்டியலும் வாக்குறுதிகளும். அதற்கும் பின், எம்மேல் முறைப்பாடு உள்ளவர்கள் எழுதியனுப்பும் தாள்கள். பெயரோடும் அனுப்பலாம், பெயரில்லாமலும் அனுப்பலாம். ஒரு சொல்லும் வெட்டாமல் வாசிப்போம். றோல்சை இந்தமுறை வாசிப்புக்கு முன்னரே கொடுத்துவிடுவதாகப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.